போத்தலைத் தொட்டுப் பார்த்த மதியம்

போன வாரம் ரவாங்கிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். என்னிடம் இருப்பதுபோலவே டொயோட்டா 86, என்னிடம் இருப்பதுபோலவே 50 குதிரைத்திறனைக் கூட்டும் நைட்ரஸ் வெட் கிட், அதாவது போத்தலில் அடைத்த நைட்ரஸ் ஆக்சைடையும் பெட்ரோலையும் சேர்த்து இன்ஜினுக்குள் தெளிக்கும் சாமான். "அண்ணே, உங்க காடியில என்னா ஜெட் போட்டிருக்கீங்க? நம்பர் மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். எவ்வளவு நைட்ரஸ், எவ்வளவு பெட்ரோல் என்று அளந்து விடும் சின்னத் துண்டுதான் ஜெட். நான் உடனே சொல்லவில்லை. போத்தலை எங்கே வைத்திருக்கிறாய், அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது, எந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே போனேன். கொஞ்ச நேரம் பதில் சொன்னான். அப்புறம் குரல் மாறிவிட்டது. "ஒரு நம்பர் கேட்டா இவ்வளவு கேள்வியா அண்ணே? சொல்ல இஷ்டம் இல்லன்னா பரவாயில்ல, விடுங்க." வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அவன் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அதே கேள்வியை அதே அவசரத்தோடு கேட்டவன்தான். எனக்கு நம்பர் கிடைத்தது. சரியான நம்பர்தான் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் இன்ஜினைக் கிட்டத்தட்ட உடைத்தேன். அந்தத் தம்பியிடம் தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கோலாலம்பூரில், செகாம்புட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ கார்களின் காலத்திலிருந்து இன்ஜின் கட்டுகிறவர். கிட் பொருத்தி முடித்த அன்று அவர் என்னிடம் லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் அவரே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார்: தேதி, நைட்ரஸ் ஜெட், எரிபொருள் ஜெட், ஓட்டத்துக்கு முன் போத்தல் எடை, பின் எடை, அழுத்தம், போத்தல் சூடு, ஏஎஃப்ஆர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), பிளக். கடைசியாக ஒரு கட்டம், "மழையா வெயிலா". மற்றதெல்லாம் புரிந்தது. சூட்டையும் மழை வெயிலையும் எதற்கு எழுத வேண்டும் என்று அவரிடம் கேட்கவில்லை. பழைய ஆட்களின் பழக்கம் என்று நானாக முடிவு செய்து அந்த இரண்டு கட்டத்தையும் காலியாகவே விட்டுவந்தேன். இப்போது அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் முதல் ஆறு பக்கத்திலும் அந்த இரண்டு பத்தி மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

காருக்குத் தெரியாத காற்று

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி சூட்டைத் தாண்டும்போது அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. சாதாரணக் காற்றில் எடைக்கு 23 சதவீதம்தான் ஆக்சிஜன், இதில் 36 சதவீதம். கூடுதல் ஆக்சிஜன் வந்தால் கூடுதல் பெட்ரோல் எரிக்கலாம், அவ்வளவுதான் சங்கதி. அந்தக் கூடுதல் பெட்ரோல் சரியான அளவில், சரியான நேரத்தில் வந்து சேர்வதில்தான் இன்ஜினின் உயிர் இருக்கிறது.

பழைய காரில் இதைச் செய்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. தப்பு செய்தால் இன்ஜின் உடனே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இந்தக் காலத்துக் கார் அப்படி இல்லை. என் 86இன் இன்ஜின் 1998 சிசி, டர்போ கிடையாது, அமுக்க விகிதம் 12.5க்கு 1. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்: ஒன்று சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும், இன்னொன்று இன்டேக் போர்ட்டில் தெளிக்கும். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் இருக்கும் ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை எடைபோட்டு இன்ஜினின் கணினியான இசியுவுக்குச் சொல்கிறது. பெட்ரோல், டைமிங், திராட்டில் எல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான். நைட்ரஸைத் தெளிக்கும் நாசிலோ அந்த சென்சாருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே நான் பட்டனை அழுத்தும்போது உள்ளே நுழையும் ஆக்சிஜன் எதுவும் காரின் கணக்கில் வராது. தன்னிடம் 200 குதிரைதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே அது 250க்கு ஓடுகிறது.

வெட் கிட்டில் நைட்ரஸுக்கு ஒரு சொலினாய்டு, அதாவது மின்சாரத்தில் திறக்கும் வால்வு, பெட்ரோலுக்கு ஒரு சொலினாய்டு. இரண்டும் ஒரே நாசிலில் வந்து சேரும். எவ்வளவு நைட்ரஸ், எவ்வளவு பெட்ரோல் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு பித்தளை ஜெட். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டையின் அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் நம்பர். 20 என்றால் 0.020 அங்குலம். அந்தத் தம்பி கேட்டது இதைத்தான்.

ஜெட்டுக்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியவை வேறு சில இருந்தன. அதில் ஒன்று எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்தக் காரில் நம் கால் மிதிப்பதற்கும் திராட்டில் திறப்பதற்கும் நடுவே கம்பி கிடையாது, கணினிதான் இருக்கிறது. சக்கரம் சறுக்கினால் கால் தரையோடு அழுந்தியிருக்கும்போதே கார் திராட்டிலை மூடிவிடும். நைட்ரஸ் சுவிட்சைப் பெடலோடு இணைத்துவிட்டால், காற்று வராத இன்ஜினுக்குள் நைட்ரஸும் அதன் பெட்ரோலும் கொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சிக்னலைத் திராட்டில் தட்டிலிருந்தே எடுக்க வேண்டும். அதோடு ஒரு விண்டோ சுவிட்ச். நான் 3500 ஆர்பிஎம்முக்குக் கீழே திறக்காது, 7000க்கு மேலே மூடிவிடும் என்று வைத்திருக்கிறேன், ரெவ் லிமிட்டர் எரிபொருளை வெட்டும் இடத்துக்கு நன்றாகக் கீழே. டைமிங்குக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு, 50 குதிரைக்கு 2 டிகிரி பின்னால் தள்ளு. நைட்ரஸ் இருக்கும்போது கலவை வேகமாக எரிகிறது, தீப்பொறி கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி வழக்கத்தைவிடக் குறைவாக. பெட்ரோல் எப்போதும் ஆர்ஓஎன் 97க்குக் கீழே இல்லை. இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். செய்தேன் என்ற தைரியம்தான் என்னை அந்தச் சனிக்கிழமைக்குக் கொண்டுபோய் விட்டது.

மழை பெய்த சனிக்கிழமை

காரை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் வைத்திருக்கும் சீன முதலாளியிடம் (தவுக்கே என்போம்) காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். முந்தின ராத்திரி முழுக்க அடைமழை. கார் வீட்டு வாசலில் மழையிலேயே நின்றது. காலையில் ஜாலான் ஈப்போ முழுக்கத் தண்ணீர் தெறித்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்தால் சில்லென்று காற்று. கோலாலம்பூரில் இப்படி ஒரு காலை அமைவது அபூர்வம்தான். பசியாறிவிட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

முதல் ஓட்டம் நைட்ரஸ் இல்லாமல், சக்கரத்தில் 162 குதிரை. அடுத்தது நைட்ரஸோடு, நைட்ரஸ் ஜெட் 35, பெட்ரோல் ஜெட் 20. 203 வந்தது. ஏஎஃப்ஆர் 11.1. எனக்கு 11.6 வேண்டும் என்று மனதில் இருந்தது. 11.1 என்றால் ரிச், பெட்ரோல் அதிகம், சக்தி வீணாகிறது. அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லை, வேறு ஒரு காருக்கு சாமான் வாங்க வெளியே போயிருந்தார். போத்தல் அழுத்தத்தை அளக்கும் கேஜ் 805 பிஎஸ்ஐ காட்டியது. கிட் கையேட்டில் 900 முதல் 1000 வரை இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததைப் படித்தவன்தான் நான். இருந்தும் அந்த ஊசியைப் பார்த்துக் கொஞ்சம் கம்மி என்று நினைத்துவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டேன். பெட்ரோல் ஜெட்டைக் கழற்றி 18 போட்டேன். அடுத்த ஓட்டம் 11.6, 208 குதிரை. திரையில் அந்தக் கோடு நேராகப் போனதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் தவுக்கேயின் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். என் காரை ஷெட்டின் வாசல் பக்கம் தள்ளி நிறுத்தினோம். மதியம் இரண்டு மணி வாக்கில் வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. சிங்க் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வரும்போது வெயில் காரின் பின்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. போத்தல் இருப்பது அங்கேதான், பின்பெட்டிக்குள். திரும்ப டைனோவில் ஏற்றினோம். காலையில் செய்ததைச் சும்மா உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்பலாம் என்று எண்ணம்.

முதல் ஓட்டம் 209 குதிரை, ஏஎஃப்ஆர் 12.2. இரண்டாவது 201 குதிரை, 12.3. ஜெட் மாறவில்லை. டைமிங் மாறவில்லை. பெட்ரோல் அதே பெட்ரோல். எங்கோ எரிபொருள் குறைகிறது என்று நினைத்து பம்ப்பைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன், சென்சார் பழுதோ என்றும் நினைத்தேன். 12.3 ஒன்றும் பயமுறுத்தும் நம்பர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்றாவது ஓட்டத்துக்குத் தயாரானேன். காருக்குள் உட்கார்ந்து பெல்ட்கூடப் போட்டுவிட்டேன்.

தவுக்கேதான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. பின்பெட்டியைத் திறந்து போத்தலின் மேல் உள்ளங்கையை வைத்தார். "தாடி செஜுக், செகாராங் பானாஸ்" என்றார் மலாயில். அப்போது குளிர்ச்சி, இப்போது சூடு. நானும் இறங்கிப் போய்த் தொட்டேன். காலையில் அந்த அலுமினியம் கையில் ஒட்டுகிற மாதிரிச் சில்லென்று இருந்தது, மேலே ஈரம் பூத்திருந்தது. இப்போது சில்லிப்பே இல்லை. சுடவும் இல்லை. உலோகத்தைத் தொடுகிற உணர்வே இல்லாமல் இன்னொருவரின் முதுகைத் தொடுவதுபோல வெதுவெதுவென்று இருந்தது. கேஜ் 1020 காட்டியது.

அந்த நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டார். போத்தலைத் தொடவில்லை, கேஜைப் பார்க்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தை வாங்கி அன்றைய பக்கத்தைத் திறந்தார். இரண்டு கட்டம் காலி. "காலையில மழைதானே தம்பி? ஏன் எழுதல?" என்று மட்டும் கேட்டார்.

வெயில்தான் பம்ப்

பெட்ரோலுக்கு பம்ப் இருக்கிறது, ரெகுலேட்டர் இருக்கிறது. மழையோ வெயிலோ, அதன் அழுத்தம் ஒரே அளவில் நிற்கும். நைட்ரஸுக்கு பம்ப் கிடையாது. போத்தலுக்குள் பாதி திரவமாகவும் மேலே வாயுவாகவும் இருக்கிறது. அந்த வாயுதான் திரவத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பதை முழுக்க முழுக்கச் சூடுதான் தீர்மானிக்கிறது. 20 டிகிரியில் 740 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். 24 டிகிரியில் 800ஐத் தொடும். 30 டிகிரியில் 900ஐத் தாண்டும். 35 டிகிரியில் 1000ஐத் தாண்டிவிடும். நம் ஊர் மழைக் காலைக்கும் வெயில் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான்.

நான் செய்த காரியம் இப்போது விளங்கும். காலையில் போத்தல் குளிர்ந்து கிடந்தது, நைட்ரஸ் குறைவாக வந்தது, அதனால் பெட்ரோல் அதிகம்போலத் தெரிந்தது. குறை நைட்ரஸ் பக்கம். நான் வெட்டியது பெட்ரோலை. மழையின் கணக்கை ஜெட்டில் எழுதிவிட்டேன். மதியம் போத்தல் தன் முழு பலத்தோடு தள்ளியபோது, அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய பெட்ரோல் அங்கே இல்லை. அதோடு 12.3 என்பது நான்கு சிலிண்டரின் சராசரி. ஒற்றை நாசில் நான்குக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. ஏதோ ஒரு சிலிண்டர் அதைவிட வறண்டு ஓடியிருக்கும்.

இன்னொன்றையும் அண்ணன் சொன்னார், அதைக் கேட்டு எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நைட்ரஸ் ஆக்சைடு 36.4 டிகிரியைத் தாண்டினால் போத்தலுக்குள் திரவம் என்று ஒன்று தனியாக இருக்காது. திரவமும் வாயுவும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என்ன வரும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. என் போத்தல் அந்த எல்லைக்கு ஒன்றரை டிகிரி இந்தப் பக்கம் இருந்தது. வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி 36 டிகிரியைத் தாண்ட இந்த ஊரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இசியு பதிந்து வைத்திருந்த லாக்கைத் திறந்து பார்த்தோம். மதியத்து இரண்டு ஓட்டத்திலும் நாக் சென்சார் அலறியிருக்கிறது. கலவை முறைதவறித் தானாக வெடித்து இன்ஜினை இடிப்பதுதான் நாக். முதல் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இசியு டைமிங்கை 2 டிகிரி பின்வாங்கியிருக்கிறது. இரண்டாவதில் 5 டிகிரிக்கு மேல். அதனால்தான் 209 என்பது 201 ஆனது. காதில் எதுவும் கேட்கவில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கார் தன்னாலான மட்டும் என் தப்பை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. மறைக்க முடியாத இடம் வரும்வரை அது அப்படியேதான் செய்திருக்கும்.

"இப்ப வர காடியெல்லாம் ஸ்மார்ட் லா, கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்று சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களோடு எனக்குக் கடும் கருத்து வேறுபாடு உண்டு. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்பது உண்மை. அதனால்தான் நாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். நாக் வந்த பிறகு பின்வாங்குவதுதான் அதற்குத் தெரியும், வருவதற்கு முன்னால் தடுக்க அதற்கு வழியில்லை. நைட்ரஸ் ஓடும்போது ஒரே ஒரு பலத்த நாக் பிஸ்டனின் வளைய விளிம்பை உடைத்துவிடலாம். லாக்கைப் பார்க்காமல் குதிரைத்திறன் நம்பரை மட்டும் பார்ப்பவன், தன் காரே தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது தெரியாமல் அடுத்த ஜெட்டை வாங்கப் போய்விடுவான். என்னைத் தவுக்கே நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் மூன்றாவது ஓட்டம் போயிருப்பேன்.

அன்று சாயங்காலம் பிளக்கைக் கழற்றினோம். 86இல் பிளக் கழற்றுவது லேசான வேலை இல்லை. இன்ஜின் படுத்த வாக்கில் இருக்கிறது, பிளக் பக்கவாட்டில், ஹெட்டுக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்தில். பேட்டரியை எடுத்து, ஏர் பாக்ஸை எடுத்து, விரல் முட்டியெல்லாம் தோல் வழன்ற பிறகுதான் நான்கும் வெளியே வந்தன. அண்ணன் அவற்றை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். மூன்று பிளக் நன்றாக இருந்தன. நான்காவதின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தபோது அவற்றில் இரண்டு மின்னின. அந்த மின்னல் அலுமினியம். என் பிஸ்டனின் மேல்தோலிலிருந்து உருகிப் பறந்து வந்து ஒட்டிய அலுமினியம்.

அந்தப் பிளக்கை நான் தூக்கிப் போடவில்லை. மேசை டிராயரில் ஒரு டிஷ்யூவில் சுற்றி வைத்திருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டி

இந்த விஷயத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால் எல்லோரும் போத்தல் ஹீட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர்கள் ஊரில் குளிர், போத்தல் 600, 700இல் படுத்துக்கிடக்கும், கம்பளம்போல ஒரு ஹீட்டரைச் சுற்றி 950க்கு ஏற்றுவார்கள். நானும் அதைப் படித்துவிட்டு முதல் மாதமே ஹீட்டர் வாங்கத் துடித்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். சிலர் அடுப்புத் தீயில் காட்டுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது தற்கொலைக்குச் சமம். தீ பட்ட அலுமினியம் பலம் இழந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் போத்தலை எந்த அழுத்தத்திலும் நம்ப முடியாது.

அண்ணனின் வழி மிகச் சாதாரணமானது. பட்டறையின் பின்பக்கம் அம்மாமார்கள் துணி ஊறவைக்கும் பெரிய நீல பேசின் ஒன்று இருக்கிறது. அதில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, வால்வை இறுக்க மூடி, வால்வு நனையாதபடி போத்தலைப் படுக்கவைத்துவிடுவார். கோலாலம்பூர்க் குழாய்த் தண்ணீர் நிழலில் 28 முதல் 30 டிகிரி வரை நிற்கும். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால் போத்தலும் அதே சூட்டுக்கு வந்திருக்கும். கேஜ் 870க்கும் 915க்கும் நடுவே. மழைக்காலக் காலையில் குளிர்ந்த போத்தலும் அங்கேதான் வந்து நிற்கும், வெயிலில் காய்ந்த போத்தலும் அங்கேதான் வந்து நிற்கும். உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்குகிற சூடு இந்த ஊரில் குழாயைத் திறந்தால் வருகிறது. முதல்முறை அந்த ஊசி 900இல் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு இந்த ஊரின் மேல் ஒரு தனிப் பாசமே வந்துவிட்டது.

போத்தலைத் துடைத்து, எடைபோட்டு, காரில் மாட்டி, ஒரு வெள்ளி நிற உறையைச் சுற்றிவிட்டு உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் பர்ஜ். முன்பு அந்த வெள்ளைப் புகை படம் பிடிக்க மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பின்பெட்டியிலிருந்து இன்ஜின் வரை நான்கு மீட்டருக்கு மேல் குழாய் ஓடுகிறது, அடியில் சாலைச் சூடு, முன்னால் இன்ஜின் சூடு. அதற்குள் நிற்கும் நைட்ரஸ் கொதித்து ஆவியாகிவிடும். பர்ஜ் அதை வெளியே தள்ளி, சொலினாய்டு வாசல்வரை திரவத்தைக் கொண்டுவருகிறது. அதைச் செய்யாமல் பட்டனை அழுத்தினால் முதல் ஒரு நொடி பெட்ரோல் மட்டும்தான் வரும். வெளியே வரும் நைட்ரஸ் கொதிப்பதே கழித்தல் 88 டிகிரியில், விரல் பட்டால் தோல் உறைந்துவிடும். கையுறை இல்லாமல் யாரும் அந்தக் குழாயைக் கழற்ற வேண்டாம்.

ஒரு மாதம் காரை நைட்ரஸ் இல்லாமல் ஓட்டினேன். அமுக்கச் சோதனையில் நான்கு சிலிண்டரும் சமமாக வந்தன, புதுப் பிளக் போட்டேன். அப்புறம் தொட்டியில் ஊறவைத்த போத்தலோடு மறுபடி டைனோவுக்குப் போனோம். பெட்ரோல் ஜெட் 20, பழைய நம்பர், முதலில் எனக்குக் கிடைத்த அதே நம்பர். கேஜ் 900. ஒரு ஓட்டம் முடிந்ததும் போத்தலைக் கழற்றித் தொட்டியில் போடு, எடைபோடு, காத்திரு, மாட்டு, பர்ஜ், அடுத்த ஓட்டம். நான்கு ஓட்டத்துக்கு ஒரு முழு நாள் போய்விட்டது. ஏஎஃப்ஆர் 11.5, 11.5, 11.6, 11.5. நாக் எதுவும் இல்லை. குதிரைத்திறன் 206ஐ விட்டு நகரவில்லை. தவுக்கே எங்களுக்குத் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், வாங்கிக் கொடுத்தார். அவர் பார்த்தது திரையை இல்லை, ஒவ்வொரு தடவையும் பின்பெட்டிக்குப் போய் ஒரு கை வைத்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார்.

இதைப் படிக்கிறவர்களில் இளம் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் இரண்டு விஷயம். என் போத்தல் சாலையில் ஓடும்போது காரில் இருப்பதில்லை. டைனோவுக்கோ, செப்பாங்கில் பந்தய நாளுக்கோ போகும்போது மட்டும், வால்வை மூடி, குழாயைக் கழற்றி எடுத்துப்போகிறேன். ராத்திரி நெடுஞ்சாலையில் காட்டுகிற வேகத்துக்கு நம் பிள்ளைகள் எத்தனை பேரைக் கொடுத்துவிட்டோம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, பலூனில் அடைத்து மூச்சில் இழுப்பது. என் போத்தலைப் பார்த்துவிட்டு ஒரு பையன் "அண்ணே, ஒண்ணு நிரப்பிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறான். நைட்ரஸ் ஆக்சைடு உடம்பிலுள்ள பி12 விட்டமினைச் செயலிழக்க வைக்கிறது. தொடர்ந்து இழுப்பவர்களுக்குக் கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, தண்டுவடம் வரை பாதிக்கிறது. அவனுக்கு நான் கொடுக்கவில்லை. நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நேற்று ராத்திரி அந்த ரவாங் தம்பிக்குப் பயிற்சிப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒன்று மழை பெய்த சனிக்கிழமையின் பக்கம், கட்டம் காலியாக இருப்பது. இன்னொன்று தொட்டியோடு போன நாளின் பக்கம், 35க்கு 20 என்று ஜெட் நம்பரும் அதில் இருக்கிறது. கூடவே அந்தப் பிளக்கையும் டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பதினொரு மணிக்கு மேல் ஒரே வரி வந்தது: "அண்ணே, என் போத்தல் இப்ப காடிக்குள்ளதான் இருக்கு, மதியம் பூரா வெயில்ல நின்னுச்சு. என்னா செய்ய?"

வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். வெளியே எடுத்து நிழலில் வை, நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டு வா என்றேன். காலையிலேயே வந்துவிட்டான். இதை எழுதும்போது அவன் போத்தல் அந்த நீல பேசினில் கிடக்கிறது. அவன் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேஜையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.